கல்யாண ராஜினாமா

கோமளம் டீச்சர் ரொம்ப சாது என்று செங்கல்பட்டில் ஒரு காலத்தில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்படிச் சொன்னவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பார்வை சரியில்லை என்றுதான் சொல்லவேண்டும். ஒல்லியான உடம்பு, மூக்கில் நழுவுகிற கண்ணாடி, தணிந்த குரல். இவ்வளவையும் பார்த்துவிட்டு, உள்ளே இருப்பதும் இதே மாதிரிதான் இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவளுடைய கோபம் வாய் வழியாக வெளியே வந்து தீர்ந்துபோகிற கோபம் இல்லை. உள்ளே போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டு வருஷக்கணக்காக வேலை பார்க்கிற கோபம்.

அவள் அப்பா வெங்கடராகவன் மாமல்லபுரம் பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் தளிகை பண்ணுகிறவர். தாயில்லாத பெண்ணை அவர்தான் வளர்த்தார். உபகாரச் சம்பளத்தில் படித்து, சென்னையில் ஒரு காலேஜில் கணக்கில் முதல் வகுப்பாக பி.ஏ. தேறி, வாத்தியார் பயிற்சியான எல்.டி.யும் முடித்தாள் கோமளம். அவளோடு பட்டம் வாங்கிய பெண்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டால் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். கறுப்பு அங்கியும் கையில் சுருட்டிய காகிதமுமாக ஸ்டூடியோவில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படத்தைக் காட்டி வீட்டில் மாப்பிள்ளை தேடினார்கள். மாப்பிள்ளை கிடைத்ததும் பட்டம் பட்டுப்புடவைகளுக்கு அடியில் போய்விட்டது. அதே வருஷம் தேறிய பையன்களோ தாசில்தார் ஆபீஸ், ரயில்வே, பாங்கு என்று ஆளுக்கொரு பக்கம் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

பெண்கள் வேலைக்கு வருவது பொழுதுபோக என்று ஆண்கள் நினைத்தார்கள். கொஞ்சம் தாராள மனசுக்காரர்கள், அது சேவை மனப்பான்மை என்றார்கள். கோமளத்துக்கு இரண்டும் இல்லை. அவளுக்கு வேண்டியது ஹெட்மாஸ்டர் நாற்காலி. அதில் உட்கார்ந்து மணி அடித்தால் பள்ளிக்கூடமே எழுந்து நிற்கவேண்டும், எந்த வகுப்புக்கு யார் போவது என்று அவள் சொல்லவேண்டும். இந்த ஆசையை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு பெண் இப்படி ஆசைப்படலாம் என்றே யாருக்கும் தோன்றாததால், மறைக்கக்கூடத் தேவைப்படவில்லை.

செங்கல்பட்டில் ஏரிக்கரைப் பக்கம் இருந்த ஒரு தனியார் ஹைஸ்கூலில் அவளுக்கு வேலை கிடைத்தது. ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கிற பள்ளிக்கூடம். தினமும் மாமல்லபுரத்திலிருந்து காலை பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் வழியாக வந்து சாயந்திரம் திரும்புவாள். அங்கே கரஸ்பாண்டென்ட் அப்பாசாமி வைத்ததுதான் சட்டம். அந்தச் சட்டங்களில் ஒன்று வேடிக்கையானது. ஆண் வாத்தியாருக்குக் கல்யாணம் ஆனால், குடும்பஸ்தர் ஆகிவிட்டார் என்று சம்பளத்தைக் கூட்டுவார்கள். டீச்சருக்குக் கல்யாணம் என்றால் அவள் ராஜினாமா செய்துவிடவேண்டும்.

அதற்கு ஒரு சடங்கே அங்கே வழக்கத்தில் இருந்தது. நிச்சயமான டீச்சர், வெற்றிலை பாக்கு பழம் வைத்த தட்டில் ராஜினாமாக் கடிதத்தையும் வைத்து ஹெட்மாஸ்டரிடம் நீட்டுவாள். வாத்தியார்கள் எல்லோரும் அட்சதை போடுவார்கள், கேசரி சாப்பிடுவார்கள். மூன்று மாத நோட்டீஸ் வேண்டும் என்பதால் நிச்சயதார்த்தம் ஆன உடனேயே இதைச் செய்தாக வேண்டும். கல்யாண ராஜினாமா என்று அதற்குப் பெயர். இந்தச் சட்டத்தில் அடிபடாமல் வேலையில் நிலைத்தவள் தையல் டீச்சர் சம்பூர்ணம் ஒருத்திதான். அவள் விதவை.

ஐம்பத்திரண்டாம் வருஷக் கோடையில் ஹெட்மாஸ்டர் ஓய்வு பெறுவதாக இருந்தது. அடுத்த இடத்தில் கோமளம் இருந்தாள். அவளுக்கு ஒரு வருஷம் பின்னால் வேலைக்கு வந்த உப்பிலி அவளுக்கு அடுத்து இருந்தான். நல்ல சிவப்பு, சுருட்டை முடி, கணீரென்ற குரல். பி.ஏ.யை மட்டும் செப்டம்பரில் இரண்டாம் தடவை எழுதி மூன்றாம் வகுப்பில் தாண்டியவன். ஆனால் நூற்றுக்கு எத்தனை, முதல் பரிசு யாருக்கு, மாலை யாருக்கு என்கிற பேச்சு வந்தால் அவன் கண் பளபளக்கும்.

அந்த மாசியில் உப்பிலியின் அம்மா மாமல்லபுரத்துக்கு வந்து பெண் கேட்டாள். வரதட்சணை வேண்டாம், சீர் வேண்டாம், பிள்ளைக்குப் பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றாள். வெங்கடராகவன் மடைப்பள்ளியிலிருந்து ஈரத்துண்டோடு ஓடி வந்தார்.

"பெருமாள் கண்ணைத் தொறந்துட்டார்டி, கோமளம். இப்படி ஒரு எடம் தேடினாலும் கெடைக்குமா?"

அவளுக்கும் உப்பிலியைப் பிடித்துத்தான் இருந்தது. இதை மறைப்பதில் லாபமில்லை. ஆசிரியர் அறையில் அவன் எதிரில் உட்கார்ந்தால் அவளுக்குத் திருத்துகிற தாளில் கவனம் நிற்காது. ஆனால் நாற்காலி? நிச்சயத்துக்கு முன்னால் ஒருநாள் தைரியமாக அவனிடமே கேட்டாள்.

"ராஜினாமா பண்ணணும்னு ரூல் இருக்கே. என்ன செய்யறது?"

"இப்போதைக்குக் குடுத்துடு, கோமளம். நான் ஹெட்மாஸ்டரா வந்துட்டா முதல் காரியமா அந்த ரூலைத் தூக்கிடறேன். அப்புறம் நீ திரும்பி வந்துடலாம். ஒரே ஆத்துல ரெண்டு பேர் சண்டை போட்டா நன்னாவா இருக்கும்?"

அவள் நம்பினாள். பங்குனியில் நிச்சயதார்த்தம் நடந்தது. ஆவணியில் கல்யாணம் என்று லக்னப் பத்திரிகை வாசித்தார்கள். அடுத்த திங்கட்கிழமை கோமளம் தட்டில் வெற்றிலையோடு ராஜினாமாவை வைத்து நீட்டினாள். எல்லோரும் அட்சதை போட்டார்கள். உப்பிலியும் ஒரு பிடி எடுத்துச் சிரித்துக்கொண்டே போட்டான்.

ஜூன் மாதம் அவன் ஹெட்மாஸ்டர் ஆனான். ஆடி பிறப்பதற்குள் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. பெண்ணுக்கு ஆயில்ய நட்சத்திரமாம், மாமியாருக்கு ஆகாதாம், இப்போதுதான் தெரிந்ததாம். ஜாதகத்தை மாசியிலேயே வாங்கி மூன்று ஜோசியரிடம் காட்டியவர்களுக்கு ஆனியில்தான் தெரிந்தது! பழம், தேங்காய், நிச்சயப் புடவை எல்லாவற்றுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தவர் பஸ் ஏறினார். ஆவணியில் உப்பிலிக்கு அதே முகூர்த்தத்தில் காஞ்சிபுரத்தில் கல்யாணம் நடந்தது. பெண் எட்டாவதுவரை படித்தவள்.

ஒருவேளை அம்மா பேச்சுக்குக் கட்டுப்பட்டுத்தான் செய்தானோ என்று கோமளம் சில நாள் தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டாள். சம்பூர்ணம் பஸ் பிடித்து மாமல்லபுரம் வந்து அந்த ஏமாற்றத்தையும் துடைத்துவிட்டாள்.

"சொல்லாம இருந்தா எனக்குச் சோறு எறங்காது, கோமளம். ஆசிரியர் ரூம்ல சொல்லிச் சிரிக்கிறான்மா. ஒரு தட்டு வெத்தல பாக்குல நாற்காலி கெடச்சிடுச்சுன்னு. நான் மிஷின் பின்னால உக்காந்துகினு இருந்தது அவனுக்குத் தெரியல."

கோமளம் அழவில்லை. சம்பூர்ணத்துக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டு, அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். ஹெட்மாஸ்டர் அறையில் அப்பாசாமியும் உப்பிலியும் இருந்தார்கள். அவளை உட்காரச் சொல்லவில்லை. கல்யாணம் நடக்கவில்லை, அதனால் ராஜினாமாவும் செல்லாது, வேலையைத் திரும்பக் கொடுக்கவேண்டும் என்று நின்றபடியே சொன்னாள்.

"அதெப்டிம்மா முடியும்?" என்றார் அப்பாசாமி. "உன் எடத்துக்கு ஆள் போட்டாச்சு. அவரு மூணு புள்ள பெத்தவரு. நிச்சயம் முறிஞ்சி போன பொண்ண மறுபடி உள்ள வெச்சா ஊரு இன்னா பேசும்? உனுக்கு இன்னா குடும்பமா காப்பாத்தணும்?"

உப்பிலி மேஜை மேலிருந்த பேனாவைத் திருப்பித் திருப்பி வைத்தான். "பெண்களுக்கு எதுக்கு இவ்ளோ அலைச்சல், சார்? ஆத்துக்குப் பக்கத்துல நாலு குழந்தைகளுக்கு டியூஷன் சொல்லிக்குடுத்தா போறுமே. மனசுக்கும் நிம்மதி" என்று அப்பாசாமியைப் பார்த்துச் சொன்னான். அவளைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவன் கல்யாணத்தை முறித்ததைக்கூட அவளால் விழுங்கியிருக்க முடியும். பஞ்சகச்சம் கட்ட வேறு மாப்பிள்ளைக்கா பஞ்சம்? நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டானே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அவன் அதில் உட்கார்ந்திருந்த தோரணை கண்ணைவிட்டுப் போகவில்லை. அவனை அதிலிருந்து கீழே இறக்கி, தான் ஏறி உட்காராமல் சாவதில்லை என்று திருக்கழுக்குன்றம் தாண்டும்போது முடிவு செய்தாள். மலையைப் பார்த்துக் கும்பிடவில்லை. இதில் தெய்வத்தை இழுக்க அவள் விரும்பவில்லை.

சில மாதங்களில் சென்னையிலிருந்து அவளுடைய பழைய பேராசிரியை சொல்லியனுப்பினாள். காலேஜில் டியூட்டர் இடம் காலியாக இருக்கிறது, வந்துவிடு என்று. ஏரிக்கரைப் பள்ளிக்கூடத்தைவிட எவ்வளவோ மேலான உத்தியோகம். கோமளம் வரமுடியாது என்றாள். பாவம், அப்பாவை விட்டுவிட்டுப் போக மனசில்லை, பெண்களுக்கு வீடுதானே முக்கியம் என்று ஊரார் மெச்சினார்கள். அவளும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். சென்னைக்குப் போய்விட்டால் உப்பிலியை யார் பார்த்துக்கொள்வது?

மாமல்லபுரத்தில் நாலு குழந்தைகளுக்கு டியூஷன் சொல்லிக்கொண்டு, செங்கல்பட்டுச் செய்திகளைச் சம்பூர்ணத்திடம் கேட்டுக்கொண்டிருந்தாள். உப்பிலியின் முதல் வருஷத்தில் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையில் பாதிப் பேர் கோட்டைவிட்டார்கள். அப்பாசாமி அவனைக் கூப்பிட்டு வாங்கு வாங்கு என்று வாங்கினார். பாடம் நடத்தி ஆளைத் தேற்றுவது கஷ்டமான வேலை. அதைவிடச் சுலபமான ஒரு வழியை உப்பிலி கண்டுபிடித்தான்.

அந்தக் காலத்தில் பெரிய பரீட்சைக்கு முன்னால் பள்ளிக்கூடத்திலேயே செலக்‌ஷன் பரீட்சை வைப்பார்கள். அதில் தேறியவர்களைத்தான் பெரிய பரீட்சைக்கு அனுப்புவார்கள், மற்றவர்கள் அதே வகுப்பில் உட்காரவேண்டும். எல்லா ஊரிலும் உள்ளதுதான். உப்பிலி அதை அரிவாளாக எடுத்துக்கொண்டான். கொஞ்சம் சந்தேகமான பிள்ளை என்றாலும் தள்ளினான். முதலில் பெண்களைத் தள்ளினான். அவர்கள் தேறி என்ன ஆகப் போகிறது, பையன்களுக்காவது வேலை கிடைக்கும் என்பது அவன் கணக்கு. அனுப்பியவர்கள் கொஞ்சம் பேர், அத்தனை பேரும் கெட்டிக்காரர்கள். நூற்றுக்குத் தொண்ணூறு தேர்ச்சி என்று ஆண்டுவிழாவில் அவனுக்கு ரோஜா மாலை போட்டார்கள்.

தள்ளப்பட்ட பெண்களில் ஒருத்தி ஆராயி. படாளத்து விவசாயி சடையப்பனின் மகள். சடையப்பன் நிலத்தோடு இரண்டு லாரியும் வைத்து நெல் ஏற்றுகிறவர், செங்கல்பட்டு ரயிலடிப் பக்கம் ஒரு வேர்க்கடலைக் கிடங்கும் அவருக்கு இருந்தது. பெண்ணைப் படிக்கவைப்பதற்காகப் பங்காளிகளிடம் பேச்சு வாங்கிக்கொண்டிருந்தவர். உப்பிலியிடம் போய்ச் சண்டை போட்டுப் பார்த்துவிட்டு, யாரோ சொன்னதைக் கேட்டு மாமல்லபுரத்துக்கே லாரியை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"டீச்சரம்மா, எம் பொண்ணு இன்னா மக்கா? நீங்க சொல்லுங்க. மூணு மார்க்குக்குப் புடிச்சித் தள்ளிட்டான் அந்த ஐயரு. ஏன்யான்னு கேட்டா, இன்னாத்துக்கு அவளுக்குப் படிப்பு, கட்டிக் குடுன்றான். எம் பொண்ண எப்பக் கட்டிக் குடுக்கறதுன்னு சொல்ல இவன் யாரு?"

கோமளம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ஆராயிக்கு அவள்தான் முன்பு கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். நல்ல மூளை.

"அந்தப் பரீட்சை போனா போறது, சடையப்பன். யூனிவர்சிட்டி நடத்தற மெட்ரிக் இருக்கு. தனியாவே எழுதலாம், ஸ்கூல் தயவு வேண்டாம். அதைவிடக் கஷ்டம், எல்லாம் இங்கிலீஷ்ல எழுதணும். நான் சொல்லித்தரேன். ஒங்க கிடங்கு காலியா இருக்கா?"

"மூட்டைங்க கீது. நாளைக்கே எடுத்துடறேன்."

"ஆராயி மட்டும் வேண்டாம். தள்ளிவிட்ட பொண்கள் எல்லாரையும் அழைச்சுண்டு வாங்கோ."

இப்படித்தான் கடலைக் கிடங்கில் வகுப்பு தொடங்கியது. கடலைத் தோல் வாசனையில் தும்மிக்கொண்டே பெண்கள் படித்தார்கள். கோமளம் இரக்கம் காட்டுகிற டீச்சர் இல்லை. ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டால், சரியாக வரும்வரை சாப்பாட்டு மூட்டையை அவிழ்க்க விடமாட்டாள். ஒவ்வொரு பெண்ணும் அவள் கையில் ஒரு கல். உப்பிலியின் மண்டையைப் பார்த்து எறிய அதைக் கூர் தீட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் கூர் தீட்டப்பட்டதில் அந்தப் பெண்களுக்கு நஷ்டமில்லை. முதல் வருஷமே ஒருத்தி தவிர எல்லோரும் தேறினார்கள். ஆராயி கணக்கில் வாங்கிய மார்க்கைச் சடையப்பன் லாரியின் பின்பலகையில் சாக்கட்டியால் எழுதிக்கொண்டு செங்கல்பட்டு முழுவதும் சுற்றினார்.

பேச்சு உப்பிலியின் காதுக்கு எட்டியது. அவன் சாமர்த்தியசாலி என்றால், அடுத்த வருஷம் தள்ளுவதைக் குறைத்திருக்கவேண்டும். அப்படிச் செய்திருந்தால் கோமளத்தின் கை ஓய்ந்துபோயிருக்கும். ஆனால் அவனுக்குக் கண்ணில் பட்டதெல்லாம் அந்தத் தொண்ணூறுதான். அது குறைந்துவிடக்கூடாது என்று இன்னும் இறுக்கினான். கோமளத்துக்கு அவனுடைய நாடி பிடிபட்டது. அவனுக்கு வேண்டியது பிள்ளைகளும் இல்லை, பாடமும் இல்லை. மாலை. எவ்வளவு பெரிய மாலையைக் காட்டுகிறோமோ அவ்வளவு ஆழமான குழியில் தானே இறங்குவான்.

ஐம்பத்தாறாம் வருஷக் கடைசியில் ஒருநாள் கிடங்கில் வகுப்பு முடிந்ததும் சடையப்பனிடம் பேசினாள்.

"ஒங்க நைனா பேர்ல ஒரு வெள்ளிக் கோப்பை குடுக்கணும்."

"யாருக்கும்மா?"

"நம்ம தாலுகாவில எந்த ஹைஸ்கூல் அனுப்பின அத்தனை பேரும் தேறறாளோ, அந்த ஸ்கூல் ஹெட்மாஸ்டருக்கு. பெரிசா விழா வெச்சுக் குடுக்கணும். இப்பவே நோட்டீஸ் அடிச்சு ஒட்டிடுங்கோ."

சடையப்பன் அவளை விநோதமாகப் பார்த்தார். "அந்த ஆளு அதுக்காவ இன்னும் கொஞ்சம் பசங்கள வெட்டிப் போடுவானே. அது பாவமில்லியா, டீச்சரம்மா?"

"வெட்டறவாளை எல்லாம் எங்கிட்ட அனுப்புங்கோ. ஆம்பளைப் பசங்களையும் சேத்து."

பாவம் இல்லாமல் இல்லை. அன்று இரவு அவளுக்கும் அது உறுத்தியது. பின்னால் அப்படித் தள்ளப்பட்ட பையன்களில் இரண்டு பேர் கிடங்குக்கு வரவேயில்லை. ஒருவன் முட்டுக்காட்டில் மாமனோடு படகில் போய்விட்டான், இன்னொருவன் எங்கே போனான் என்றே தெரியவில்லை. அவர்கள் பெயர் கோமளத்துக்குக் கடைசிவரை ஞாபகம் இருந்தது. ஆனாலும் அன்று நோட்டீஸைக் கிழிக்கச் சொல்லவில்லை. பழி என்று இறங்கினால் கையில் ஒட்டத்தான் ஒட்டும்.

உப்பிலி கோப்பையை விழுங்கினான். அந்த வருஷச் செலக்‌ஷனில் முதல் வகுப்பு வாங்குவார்கள் என்று நிச்சயமாகத் தெரிந்தவர்களைத் தவிர மற்ற அத்தனை பேரையும் தள்ளினான். பெரிய வகுப்பிலிருந்து பதினோரு பேர் பரீட்சைக்குப் போனார்கள். பதினொன்றும் பையன்கள். பதினொன்றும் தேறின. தாலுகாவில் வேறு எந்தப் பள்ளிக்கூடமும் பக்கத்தில்கூட வரவில்லை.

ஜூலை மாதம் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு விழா நடந்தது. மெட்ரிக் முடிவுகளும் அதற்குள் வந்திருந்தன. அப்பாசாமி சரிகை அங்கவஸ்திரத்தோடு நடுவில் உட்கார்ந்தார். உப்பிலி புதுக் கோட்டு தைத்துப் போட்டுக்கொண்டு வந்தான். ஊரே கூடியிருந்தது, வேடந்தாங்கல் பக்கத்திலிருந்துகூட மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். கோமளம் பெண்கள் பக்கம் சம்பூர்ணத்தின் அருகில் உட்கார்ந்திருந்தாள். ஐந்து வருஷமாக அடைகாத்தது ஒரு நிமிஷத்தில் கூழாகிவிடுமோ என்று பயம்.

சடையப்பன் மைக்கைப் பிடித்தார்.

"பதினோரு பேரு எயுதனாங்க, பதினோரு பேரும் பாஸு. ஹெட்மாஸ்டர் ஐயாவுக்குக் கை தட்டுங்க!"

தட்டினார்கள். உப்பிலி எழுந்து நாலு பக்கமும் கும்பிட்டான். பதினோரு பையன்களும் மேடையில் ஏறி வரிசையாக நின்றார்கள். அவ்வளவு பெரிய மேடையில் அந்த வரிசை ஒரு மூலைக்குக்கூடப் போதவில்லை. முன்வரிசையில் யாரோ, இவ்ளோதானா என்று கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

"அதான் நானும் கேக்கறேன்" என்றார் சடையப்பன். "இந்தக் கிளாசுல எத்தினி பேரு படிச்சாங்க? ஐயா, நீங்களே சொல்லிடுங்க. மீதிப் பசங்கல்லாம் எங்க கீறாங்க?"

உப்பிலி அப்பாசாமியைப் பார்த்தான்.

"அவுரு சொல்லமாட்டாரு. நீங்களே சொல்லுங்க, கண்ணுங்களா. தேறமாட்டிங்கன்னு தள்ளிவுட்டு, எங்க கடலைக் கெடங்குல படிச்சி மெட்ரிக் பாஸ் பண்ணவங்க எந்திரிச்சி நில்லுங்க!"

முதலில் ஆராயி எழுந்தாள். அவள் அப்போது சென்னையில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள், இதற்காகவே வந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. பிறகு அங்கே ஒன்று இங்கே ஒன்றாக, பாவாடை தாவணியும் வேட்டியும் அரைக்கால்சட்டையுமாக எழுந்துகொண்டே இருந்தார்கள். மூன்று வருஷத்துப் பிள்ளைகள். மேடையில் நின்றதைப்போல நாலு மடங்கு கூட்டம் கீழே நின்றது. யாரும் கை தட்டவில்லை. பிள்ளைகளைப் பெற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் பையனையும் தள்ளினான், என் பொண்ணையும் தள்ளினான் என்று ஒரு முணுமுணுப்பு கிளம்பிப் பந்தல் முழுவதும் பரவியது.

"இந்தாங்க, ஐயா. உங்க கப்பு" என்று சடையப்பன் கோப்பையை நீட்டினார்.

உப்பிலிக்கு அதை வாங்காமலும் இருக்க முடியவில்லை. வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். கூட்டத்தில் ஒருவர் கூச்சல் போட்டார், பிறகு பத்துப் பேர் போட்டார்கள். கோமளம் அவன் முகத்தை ஆசை தீரப் பார்த்தாள். சம்பூர்ணம் அவள் கையைப் பிடித்து அழுத்தியபோதுகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அந்த வாரமே பாதிப் பேர் பிள்ளைகளை வேறு பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதாகச் சொன்னார்கள். பிள்ளைகள் குறைந்தால் சர்க்கார் மானியம் குறையும். அப்பாசாமிக்கு அந்தக் கணக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. காரை எடுத்துக்கொண்டு மாமல்லபுரத்துக்கு வந்தார். கோமளம் அவரை உட்காரச் சொன்னாள், காபி கொடுத்தாள்.

"ஹெட்மிஸ்ட்ரஸா நீயே வந்துடும்மா. நடந்தத மறந்துடு."

"மறக்கறதுக்கு இல்லை. வரேன். ஆனா கல்யாண ராஜினாமா ரூல் இருக்கப்படாது."

"ஏம்மா, கல்யாணம் எதுனா பண்ணிக்கப் போறியா?"

"அதைப் பத்தி ஸ்கூலுக்கு என்ன கவலை?"

அப்பாசாமி காபியைக் குடித்து முடித்தார். "சரி, எடுத்துடறேன். அந்த உப்பிலிய இந்த மாசமே வூட்டுக்கு அனுப்பிடறோம். அந்த மூஞ்ச நீ பாக்கவே வேணாம்."

"அனுப்பப்படாது" என்றாள் கோமளம்.

அவளுக்கு இரக்கம் வந்துவிட்டது என்று நினைத்து அப்பாசாமி கண்கலங்கினார். பெண் மனசு என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். வாசல் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்த வெங்கடராகவனுக்குக்கூட அப்படித்தான் தோன்றியது.

"அனுப்பினா வேற ஊர்ல போய் ஹெட்மாஸ்டர் ஆயிடுவார்" என்றாள் கோமளம். "இங்கேயே அசிஸ்டென்ட்டா இருக்கட்டும். எனக்குக் கீழே."

பழி தீர்த்தவர்களுக்கு மனசு வெறிச்சென்று ஆகிவிடும், தூக்கம் வராது என்று கதைகளில் எழுதுவார்கள். கோமளம் நன்றாகத் தூங்கினாள். காலையில் அப்பா செய்த பொங்கலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறினாள். அறைக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் அதன் கைகள்மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு மணியை அடித்தாள். யார் யாருக்கு எந்த வகுப்பு என்று சொல்லியனுப்பினாள். பெரிய பரீட்சை எழுதுகிற ஆறாம் பாரத்தின் கணக்கைத் தனக்கு வைத்துக்கொண்டாள். முதல் பாரத்தின் சின்னக் குழந்தைகளை உப்பிலிக்குக் கொடுத்தாள்.

ஒரு மாதம் கழித்து அவன் வந்து மேஜைக்கு முன்னால் நின்றான். கோட்டு இல்லை. முகத்தில் இரண்டு நாள் தாடி.

"திண்டிவனம் பக்கத்துல ஒரு ஸ்கூல்ல கேட்டிருக்கேன். நன்னடத்தைச் சான்று ஒண்ணு நீ எழுதிக் குடுத்தா போறும். என்னை விட்டுடு, கோமளம். நான் பண்ணினது தப்புதான். கை கூப்பிக் கேட்டுக்கறேன்."

"ஸ்கூல்ல என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடறதில்லை."

"மன்னிச்சுக்கோங்கோ, மேடம்."

"எழுதித் தரேனே. இவரோட கடைசி வருஷத்துல பெரிய பரீட்சைக்குப் போனவா பதினோரு பேர்னு எழுதட்டுமா? உள்ளது உள்ளபடிதானே எழுதணும்."

கூப்பிய கையை உப்பிலி இறக்கிக்கொண்டான். "வேண்டாம்" என்றான்.

"மணி அடிச்சாச்சு. குழந்தைகள் காத்துண்டிருக்கா."

அவன் மேஜைமேலிருந்த சாக்கட்டி டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே போனான். கொஞ்ச நேரத்தில் தாழ்வாரத்தின் கோடியிலிருந்து, ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு என்று வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிற அவன் குரல் வந்தது. குழந்தைகளின் சத்தத்தில் அது சரியாகக் கேட்கவில்லை. கோமளம் எழுந்து போய் அறைக் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.